கயிறு கட்டிய வீட்டில் ஒரு பெட்டி

கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ்ஸைப் போலீஸ் கைகாட்டி நிறுத்தியதும் எழில்மதி குனிந்து மடியைப் பார்த்தாள். மடியில் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. தெருவில் ஐஸ் விற்கிறவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவாரே, அந்த ரகம். உள்ளே வரிசை வரிசையாகச் சின்னக் குப்பிகள். ஒவ்வொரு குப்பியிலும் சாராயம்.

பதறாதீர்கள், குடிக்கிற சாராயம் இல்லை. எத்தனால் என்பார்கள், ஆய்வகத்தில் புழங்குவது. சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பவளத்தைக் கிள்ளி எடுத்து அதில் போட்டு வைத்தால், உள்ளே இருக்கிற மரபணு கெடாமல் இருக்கும். பவளத்தை ஆராய்கிறவர்கள் உலகம் பூராவும் இப்படித்தான் கொண்டுபோகிறார்கள், யாரும் வழிமறிப்பதில்லை. ஆனால் இது கல்வராயன் மலை அடிவாரம். மலைப்பக்கம் போகிற, வருகிற எந்த வண்டியையும் மோந்து பார்த்துத்தான் விடுவார்கள். கெட்ட சாராயத்தைக் குடித்து ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்ததற்கு அப்புறம் இந்தப் பக்கத்தில் போலீஸுக்கும் சரி, பொம்பளைகளுக்கும் சரி, மூக்கு கூர்மையாகிவிட்டது.

ஏட்டு ஏறி வந்தார். இரண்டு சீட் தள்ளி நிற்கும்போதே அவர் முகம் மாறியது.

"இன்னாம்மா பொட்டியில?"

"பவளத் துண்டுங்க சார். கெடாம இருக்க ஸ்பிரிட் ஊத்தி வெச்சிருக்குது. நான் சயின்டிஸ்ட்டுங்க. பர்மிஷன் பேப்பர் இருக்குது."

"எந்த ஊரு?"

"வடக்கனந்தல் சார்."

"வடக்கனந்தல்ல எங்கம்மா கடல் கீது?"

பஸ்ஸே சிரித்தது. பின் சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு இருசம்மாள் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தாள். ஏட்டு சிரிக்கவில்லை. நாலைந்து குப்பிகளைத் திருகித் திறந்து ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார். எழில்மதி அவர் விரல்களையே பார்த்தாள். கொட்டிவிடாதீர்கள், கொட்டிவிடாதீர்கள் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. அவள் நீட்டிய காகிதத்தில் இருந்த வனத்துறை முத்திரையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி, போம்மா" என்று அவர் மூடிகளைத் திருகிப் போட்டுவிட்டு இறங்கிக்கொண்டார்.

அதில் ஒன்றிரண்டு மூடி கோணலாக ஏறியிருந்தது. அவள் அதைக் கவனித்தாள். வீட்டுக்குப் போய்ச் சரிசெய்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நுண்ணோக்கியில் பார்க்கிறவள், இந்த இடத்தில் போய்க் கோட்டை விட்டாள் பாருங்கள்!

அந்தத் துண்டுகள் போனால் வேறு கிடைக்காது. அதுதான் விஷயம்.

எழில்மதி கரும்பு வெட்டுகிற வீட்டுப் பிள்ளை. அம்மா செல்லியம்மாளும் அப்பா பாவாடையும் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டிக் கட்டினவர்கள். ஊர்க் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகினாள். கல்லூரிச் சுற்றுலாவில் முதல் தடவையாகக் கடலைப் பார்த்தபோது மற்ற பெண்கள் அலையில் கால் நனைத்தார்கள். இவள் ஒதுங்கிக் கிடந்த ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து, அதில் இருந்த பொடிப்பொடி ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இது கல் இல்லை, ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பூச்சிக்கூட்டம் கட்டின வீடு என்று ஆசிரியர் சொன்னார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்றைக்கும் தெளியவில்லை.

கடைசி வருஷம் படிக்கும்போது அப்பா பாக்கெட் சாராயம் குடித்துச் செத்தார். முதலில் கண் போனது, அப்புறம் ஆள் போனார். செல்லியம்மாள் பதினாறாம் நாள் முடிந்ததும் கொடுவாளை எடுத்துக்கொண்டு கரும்புக் கொல்லைக்குக் கிளம்பினாள். "நீ படி. நடுவுல நிறுத்தினா காலை ஒடைப்பேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அப்படித்தான் எழில்மதி பரங்கிப்பேட்டைக்குப் போய்க் கடல் உயிரியல் படித்தாள், அப்புறம் முங்கு நீச்சல் கற்றாள், டாக்டர் பட்டம் வாங்கினாள். ஊரில் கேட்டால், "மீன் ஆபீசுல வேல" என்று செல்லியம்மாள் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள்.

வேலை ராமநாதபுரம் பக்கத்துக் கடலில், ஒரு குட்டித் தீவை ஒட்டிய பவளத்திட்டில். மூன்று வருஷமாக அங்கேதான் கிடந்தாள். போன கோடையில் கடல் தண்ணீர் சுட்டது. சுடுதண்ணீர் என்றால் நமக்குத் தெரிகிற சூடு இல்லை, பவளத்துக்குத் தெரிகிற சூடு. பழுப்பும் பச்சையுமாக இருந்த திட்டு முழுக்கச் சில வாரத்தில் எலும்பு மாதிரி வெளுத்தது. இவள் தண்ணீருக்கு அடியிலேயே அழுதாள். முகமூடிக்குள் கண்ணீர் விட்டால் துடைக்கவும் முடியாது. ஆனால் நடுவில் சில பவளங்கள் மட்டும் நிறம் மாறாமல் நின்றன. அதே தண்ணீர், அதே வெயில், பக்கத்திலேயே செத்துக்கிடக்கிற கூட்டாளிகள். இவை மட்டும் எப்படித் தாங்கின? அனுமதி வாங்கி, தாங்கினதிலும் செத்ததிலும் ஒவ்வொரு துண்டு கிள்ளினாள். அடுத்து வந்த புயல் அந்தத் திட்டையே புரட்டி மணலில் புதைத்துவிட்டது. ஆகவே இனிமேல் அந்தப் பவளங்கள் என்று உலகத்தில் இருப்பது, அவள் மடியில் இருந்த பெட்டியில் இருப்பதுதான். பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில் அவற்றைப் படித்துப் பார்க்க இடம் கிடைத்திருந்தது. ஸ்பிரிட் என்றால் கூரியரில் எடுக்கமாட்டார்கள். கையில்தான் கொண்டுபோக வேண்டும்.

நேராகப் போயிருக்கலாமே, வடக்கனந்தலுக்கு எதற்கு வந்தாள் என்கிறீர்களா? தம்பிக்குக் கயிறு கட்டுகிறார்கள். செழியன் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன். ஒரு வருஷமாகக் குடி. மலையடிவாரத்து அய்யனார் கோயிலில் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணிக் கையில் கயிறு கட்டிக்கொண்டால், அதை மீறிக் குடிக்கிறவன் ரத்தம் கக்குவான் என்று இந்தப் பக்கத்தில் நம்பிக்கை. "கூடப் பொறந்தவ பக்கத்துல நிக்கணும், வராம போயிட்டியின்னா நான் மனுஷியா இருக்கமாட்டேன்" என்று அம்மா போனில் அழுதாள். அம்மா அழுது எழில்மதி கேட்டது அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான். வந்துவிட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும், "பொட்டியில இன்னாடி?" என்றாள் செல்லியம்மாள்.

"மீனு ஆபீஸ் சாமான்மா. தொடாத."

புருஷனைச் சாராயத்துக்குக் கொடுத்தவளிடம், மகனைக் காப்பாற்றக் கயிறு கட்டப்போகிற காலையில், இதில் சாராயம் இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? சாயங்காலம் சேலம் பஸ் ஏறிவிட்டால் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டு, பெட்டியைப் பரணில் ஏற்றிப் பழைய சாக்கைப் போட்டு மூடினாள். மூடிகளைச் சரிபார்க்க நேரமில்லை, வாசலில் ஆட்டோ நின்றது.

கோயிலில் எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. செழியன் ஈரத்துணியோடு சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். பூசாரி கயிற்றை முடிந்துவிட்டுச் சொன்னார்: "ஒரு மண்டலம் ஜாக்கிரத. வூட்டுக்குள்ள அந்த வாசனையே வரக் கூடாது. வந்துச்சி, கட்டினவனத்தான் அடிக்கும்."

செல்லியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். எழில்மதிக்குப் பரணில் இருந்த பெட்டிதான் நினைவுக்கு வந்தது. அவளுக்குக் கயிற்றில் நம்பிக்கை இல்லை. ஆனால் அம்மாவுக்கு இருக்கிறதே!

திரும்பி வந்து, அம்மா அடுப்படிக்குப் போன நேரம் பார்த்துப் பரணில் ஏறினாள். சாக்கைத் தூக்கியதும் லேசாக வாசனை. கோணல் மூடிகளை இறுக்கினாள், ஏறவில்லை, மரை மாறிவிட்டது. குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பு இருந்தால் சுற்றி முறுக்கிவிடலாம். தம்பியின் பைக்கை எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையம் ஹார்டுவேர் கடைக்குப் பறந்தாள். பெட்டியைக் கூடவே கொண்டுபோயிருக்கக் கூடாதா? கொண்டுபோகவில்லை. வழியில் மறுபடி போலீஸ் இருந்தால் என்ன செய்வது என்று பயந்துவிட்டாள்.

கடைக்காரர் டேப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. இருசம்மாள்.

"ஏ மதி, எங்க கீற? சீக்கிரம் வா. உங்கம்மா செழியன வெளக்கமாத்தால சாத்திடுச்சி. வூடெல்லாம் சாராய நாத்தம்! உன் பொட்டிக்குள்ள ஒளிச்சி வெச்சிருந்தானாம் படுபாவி. கயிறு கட்டின ஈரம் கூட காயலயே!"

"யக்கா, பொட்டி எங்க? பொட்டி எங்க சொல்லு!"

"பொட்டியா? எருக்குழியாண்ட எத்துக்கினு போயி ஒவ்வொண்ணா தொறந்து ஊத்திக்கினு கீது."

டேப்பும் வேண்டாம், மீதிச் சில்லறையும் வேண்டாம். வண்டியை உதைத்தாள், முதல் உதையில் கிளம்பவில்லை, மூன்றாவதில் கிளம்பியது. அம்மாவுக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. தம்பிக்குப் போட்டாள். அவனும் எடுக்கவில்லை. கோமுகி வாய்க்கால் பாலத்தில் கரும்பு லோடு டிராக்டர்கள் வரிசைகட்டி நின்றன, முதல் வண்டியில் ஏதோ ரிப்பேர். ஒரு சைக்கிள்கூட நுழைய இடமில்லை. ஹாரனை விடாமல் அடித்தாள். "இன்னாம்மா அவசரம், பிரசவமா?" என்று ஒரு டிரைவர் கிண்டல் பண்ணினார். "ஆமாய்யா, ஒதுங்கு!" என்று கத்தினாள். டிராக்டருக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே வண்டியைத் திணித்தாள். கரும்புச் சோகை முகத்தைக் கிழித்தது. ஒவ்வொரு நொடியும் அம்மாவின் கை இன்னொரு மூடியைத் திருகுகிறது என்று மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. தாங்கினதில் எத்தனை போயிருக்கும்? இந்நேரம் எல்லாமே போயிருக்குமோ?

வீட்டு வாசலில் கூட்டம். செழியன் சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையெல்லாம் ஈர்க்குச்சி கீறின கோடு. அக்காவைப் பார்த்ததும் கயிறு கட்டின கையைத் தூக்கிக் காட்டினான்.

"அக்கா, இது மேல சத்தியம். நான் இல்லக்கா."

அவனுக்குப் பதில் சொல்லவும் நிற்காமல் கொல்லைப்பக்கம் ஓடினாள். எருக்குழி விளிம்பில் செல்லியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்வை. காலடியில் நீலப் பெட்டி வாய் பிளந்து கிடந்தது. உள்ளே ஒரு குப்பிகூட இல்லை.

"அம்மா!"

"கிட்ட வராதடி. மாத்திரய நுணுக்கிப் போட்ட சரக்கு. வெள்ள வெள்ளயா உள்ள கெடக்குது. மூக்குல பட்டாலே ஆள தூக்கிரும்."

"அது மாத்திர இல்லம்மா, பவளம். என்னுதும்மா அது. நான்தான் கொண்டாந்தேன்."

செல்லியம்மாள் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "பவளம்னா செவப்பா இல்ல இருக்கும்? எங்கிட்டயே கத வுடுறியா? தம்பியக் காப்பாத்தணும்னு பழிய உன் தலைமேல போட்டுக்கிறியா? அவனுக்கு நீயே குழி வெட்டுவ போல கீதே!"

"ஐயோ, சத்தியமா என்னுதும்மா!"

"சத்தியம், சத்தியம்! உங்கப்பனும் தெனம் இதத்தான் சொன்னாரு."

பெற்ற தாய் நம்பமாட்டேன் என்கிறாள். டாக்டர் பட்டமும் வனத்துறை முத்திரையும் இங்கே எதற்கு உதவும்? அப்போதுதான் கூட்டத்தில் இருந்த இருசம்மாள் மெதுவாக, "ஆனா செல்லி, காலையில பஸ்சுல ஏட்டு தொறந்து மோந்து பாத்தாரு. அப்பவே அந்த வாசனதான் அடிச்சிது. அது மதி கையிலதான் இருந்துச்சி" என்றாள். அடிப்பாவி, இதைக் கொஞ்சம் முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? கேட்டால், அந்த ஸ்பிரிட் வேறு, இந்தச் சாராயத்தைப் பையன் அப்புறம் உள்ளே வைத்திருப்பான் என்று நினைத்தாளாம்.

செல்லியம்மாள் மகள் பக்கம் திரும்பினாள். "மதி, நீயா?" என்றாள். அதைக் கேட்ட குரலே வேறாக இருந்தது. "இந்த வூட்டுக்குள்ள, நீயா அத கொண்டாந்த?"

"ஆமாம்மா. சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். குடிக்கிறது இல்லம்மா அது. கடல்ல இருக்கிற பவளம் கெட்டுப்போவாம இருக்க ஊத்தி வெக்கிறது. செழியன் மேல ஒரு தப்பும் இல்ல."

வேலியோரம் வந்து நின்ற செழியன் அம்மாவைப் பார்த்தான். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாம்மா?" என்றான். அவள் அவன் பக்கம் திரும்பவேயில்லை. திரும்ப முடியாமல்தான் நின்றாள்.

எழில்மதி குழிக்குள் இறங்கிவிட்டாள். முழங்கால் வரைக்கும் சாணமும் வைக்கோலும். மேலாக இரண்டு குப்பி கிடந்தது, பக்கத்தில் மூடி இல்லாமல் இன்னும் இரண்டு. எடுத்துப் பார்த்தாள், காலி. இரண்டு கையையும் விட்டுச் சாணத்தைக் கிளறினாள். வெள்ளையாகத் தட்டுப்பட்டதையெல்லாம் பொறுக்கினாள். ஒன்று முட்டை ஓடு, ஒன்று சுண்ணாம்புக் கட்டி. நகம் அளவுத் துண்டை எருக்குழியில் எங்கே தேடுவது! அப்படியே கிடைத்தாலும் எது தாங்கினது, எது செத்தது என்று எதை வைத்துச் சொல்வது?

"போச்சிம்மா. எல்லாம் போச்சி. மூணு வருஷம். அந்தப் பவளமெல்லாம் கடல்லயும் இப்ப இல்லம்மா. இதுல மட்டும்தான் இருந்துச்சி." சாணக் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு, கூட்டம் பார்க்கிறதே என்றுகூட இல்லாமல், வாய்விட்டு அழுதாள்.

செழியன் குழிக்குள் இறங்கி அவள் பக்கத்தில் கிளற ஆரம்பித்தான்.

"மேல ஏறுங்க ரெண்டு பேரும்" என்றாள் செல்லியம்மாள்.

இரண்டு பேரும் அசையவில்லை.

"ஏறுங்கடான்றேன்!" என்று அதட்டிவிட்டு, அவள் இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவினாள். அதில் பெரிய முடிச்சு. விளிம்பில் உட்கார்ந்து அவிழ்த்தாள். உள்ளே குப்பிகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. ஒவ்வொன்றிலும் மூடி போட்டிருந்தது. "தண்ணியத்தான் ஊத்தினேன். தூளக் கொட்டல. மொத நாலு போச்சி. மத்ததெல்லாம் வெரல வெச்சி அணைச்சிக்கினு வடிச்சேன்."

எழில்மதி தாவி ஏறினாள். ஒரு குப்பியை எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தாள். அடியில் பவளத் துண்டு, அதை ஒட்டிக்கொண்டு அவள் பென்சிலில் எழுதிப் போட்ட துணுக்குச் சீட்டு. மூடி இறுகி இருந்ததால் ஸ்பிரிட்டின் ஈரம் காயவில்லை. இது போதும், பெங்களூர் வரைக்கும் தாங்கும். அடுத்ததை எடுத்தாள், அதுவும் அப்படியே. ஒவ்வொன்றாகச் சீட்டைப் படித்துக்கொண்டே வந்தாள். தாங்கின பவளங்களில் ஒன்றுதான் போயிருந்தது, மற்ற மூன்றும் வெளுத்ததில் போனவை. போனது போகட்டும்.

"ஏம்மா இத வெச்ச? கொட்டணும்னுதான எத்துக்கினு வந்த?"

செல்லியம்மாள் புறங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"உங்கப்பன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போனப்ப டாக்டர் கேட்டாரு. இன்னா குடிச்சாரு, மிச்சம் மீதி இருந்தா எத்துக்கினு வாங்க, அதுல இன்னா கலந்துக்கீதுன்னு பாத்தாத்தான் மருந்து குடுக்க முடியும்னாரு. வூட்டுக்கு ஓடியாந்தேன். கூட குடிச்சவனுங்க போலீசுக்குப் பயந்து பாக்கெட்டெல்லாம் கொளுத்திட்டானுங்க. ஒரு சொட்டு இல்ல. வெறுங்கையோட திரும்பிப் போயி நின்னேன் மதி. அந்தாளு அதுக்குள்ள எம் மூஞ்சி தெரியல, மூஞ்சி தெரியலன்னு தடவிக்கினு கெடக்குறாரு." அவள் மடியில் கிடந்த குப்பி ஒன்றை எடுத்துப் பார்த்தாள். "எதுல செத்தாருன்னு இன்னிவரைக்கும் எனக்கு யாரும் சொல்லல. இவனுக்கு ஒண்ணு ஆயிட்டா டாக்டர் மறுபடியும் கேப்பாரு இல்ல? அதான் தூள வெச்சிக்கினேன்."

செழியன் குழிக்குள்ளேயே நின்று தலையைக் குனிந்துகொண்டான். எழில்மதிக்கு அழுகை நின்றுவிட்டது. பத்து வருஷத்துக்கு மேலாக அம்மா இதை யாரிடமும் சொன்னதில்லை. சாணம் அப்பின கையாலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இதுவும் அதுக்குத்தான். கடல்ல எல்லாம் செத்துப்போச்சி, சிலது மட்டும் தாங்குச்சி. எதனால செத்துச்சி, எதனால தாங்குச்சின்னு பாக்கத்தான் எத்துக்கினு போறேன்."

செல்லியம்மாள் முடிச்சில் மிச்சம் இருந்த குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மூடியை இன்னொரு திருகு திருகிப் பெட்டிக்குள் வரிசையாக நிறுத்தினாள்.

"யாரு சொல்லுவாங்க அத?"

"நான்தாம்மா சொல்லணும்."

"அப்ப சொல்லு" என்றாள் செல்லியம்மாள். "கேக்குறவங்கள வெறுங்கையோட அனுப்பாத." பிறகு குழிக்குள் நின்றவனைப் பார்த்து, "டேய், மேல வா. மோட்டாரப் போட்டு வுடு, உங்கக்கா குளிக்கட்டும். பஸ்சுக்கு நீதான் கொண்டுபோயி வுடணும்" என்றாள்.